ஒரு நொடி மட்டும் தெரியும் எண்

பொழுது சாய்கிறது. தண்ணீரை ஒட்டி ஒரு வாலிபனும் ஒரு முதிய பெண்மணியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் பார்வை அவருடைய கையின் மேல் விழுகிறது. முன்கையில் பச்சை குத்திய சில இலக்கங்கள் நமக்கும் தெரிகின்றன. சுமார் ஒரு நொடிதான். அதற்குள் அவர் வானத்தில் பறக்கும் கடற்பறவைகளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார். அந்த எண் என்னவென்று அவன் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. படம் முடியும்வரை யாரும் அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை.

ஆஷ்விட்ஸ் வதை முகாமில் கைதிகளின் கையில் நாஜிகள் குத்திய எண்களைப் போன்றது அது. அந்த ஒரு நொடியில் நீங்கள் பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்லத் திரும்பியிருந்தால், எல்லாரையும் வம்புக்கு இழுத்துக்கொண்டு, கார்களைத் திருடி ஓட்டிக்கொண்டு திரியும் ஒரு குறும்புக்காரப் பாட்டியாகத்தான் அவரைப் பார்த்துவிட்டுப் போயிருப்பீர்கள். பார்த்திருந்தால், அதுவரை அவர் சிரித்த ஒவ்வொரு சிரிப்பும் வேறு கனத்தோடு திரும்பி வரும்.

படத்தின் பெயர் 'ஹரால்ட் அண்ட் மோட்'. ஹால் ஆஷ்பி இயக்கி, 1971 டிசம்பரில் பாரமவுண்ட் நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்டது. டார்க் ரொமான்டிக் காமெடி என்ற வகையைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் இந்தப் படம் உள்ளே வந்துவிடும். வந்த புதிதில் படுதோல்வி. இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பராமரிக்கும் தேசியத் திரைப்படப் பட்டியலில் இருக்கிறது, 1997இல் சேர்த்தார்கள். இடைப்பட்ட இருபத்தாறு ஆண்டுகளில் படம் ஒரு பிரேம்கூட மாறவில்லை. அதைப் பார்க்கும் விதம்தான் மாறியது. இரண்டாம் முறை பார்ப்பவர்களுக்காகச் செய்யப்பட்டது போன்ற படம் இது. மறுபடி பார்ப்பதை எளிதாக்கிய கேசட்டும் வட்டும் வந்தபோதுதான் அது தனக்குரிய பார்வையாளர்களைச் சரியாகச் சென்றடைந்தது என்று நான் நம்புகிறேன்.

முடிவு வரைக்கும் பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படித்தால் சந்தோஷம்.

ஹரால்டுக்கு இருபது வயது இருக்கும். பெரிய மாளிகை, பணத்துக்குக் குறைவில்லை, அம்மாவுக்கு மட்டும் அவனைப் பார்க்க நேரமில்லை. அவன் தற்கொலை செய்துகொண்டதுபோல விதவிதமாக நடித்துக்காட்டுகிறான். படத்தின் முதல் காட்சியே அதுதான். பாதங்கள் நடக்கின்றன, இசைத்தட்டு சுழல்கிறது, மெழுகுவத்தி எரிகிறது, முகம் நெடுநேரம் தெரிவதில்லை. அப்புறம் நாற்காலி சரிகிறது, கால்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. அம்மா அறைக்குள் வருகிறார், தொங்கும் மகனைப் பார்க்கிறார், போனை எடுத்து யாருடனோ தன் வேலையைப் பேசுகிறார். நாம் பதறிய பதற்றம் அப்படியே சிரிப்பாகிறது. சிரித்ததற்காகக் கொஞ்சம் கூசுகிறோம். டார்க் காமெடி என்பது இந்தக் கூச்சத்தில் இருக்கிறது. சாவு இருந்தால் போதாது. சிரிக்கலாமா கூடாதா என்று நம் மனசு ஒரு கணம் தடுமாற வேண்டும்.

மகனை வழிக்குக் கொண்டுவர அம்மா கணினி வழியாகப் பெண் தேடுகிறார். அதற்கான கேள்வித்தாளை அவனுக்காக இவரே நிரப்புகிறார். கேள்வியை வாய்விட்டுப் படித்து, தன்னுடைய பதிலைத் தானே சொல்லி எழுதிக்கொண்டே போகிறார். எதிரே மகன் துப்பாக்கியில் ரவை போடுகிறான், அம்மாவை நோக்கிக் குறி வைக்கிறான், பிறகு தன் நெற்றிக்குத் திருப்பிச் சுடுகிறான், நாற்காலியோடு பின்னால் விழுகிறான். அம்மா அடுத்த கேள்விக்குப் போகிறார். விவியன் பிக்கிள்ஸ் இந்த அம்மாவாக நடித்திருப்பதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். அவர் முகத்தில் கொடுமை துளிக்கூட இல்லை, வேலையில் மூழ்கிய ஒரு நிர்வாகியின் பொறுமைதான் இருக்கிறது. அதனால்தான் அவ்வளவு வலிக்கிறது.

ஹரால்டுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. முன்பின் தெரியாதவர்களின் சாவுச் சடங்குகளுக்குப் போவான். அங்கேதான் மோடைச் சந்திக்கிறான். அவரும் அதே போல வருகிறவர். எண்பதை நெருங்கும் வயது. கைவிடப்பட்ட ரயில் பெட்டி ஒன்றில் குடியிருக்கிறார். கண்ணில் படும் காரை எடுத்து ஓட்டுவார். நகரத்துப் புகையில் வாடும் மரத்தைப் பெயர்த்துக்கொண்டுபோய்க் காட்டில் நடுவார். ஹரால்ட் மெல்ல மெல்ல அவரைக் காதலிக்கத் தொடங்குகிறான்.

காதல் படங்களில் காதலுக்குக் குறுக்கே குடும்பம் வரும், அந்தஸ்து வரும். இதிலும் அதெல்லாம் வருகிறது: ராணுவ அதிகாரியான மாமா, மனநல மருத்துவர், பாதிரியார் மூவரும் தனித்தனியாக உட்கார்ந்து அவனுக்கு உபதேசம் செய்கிறார்கள். ஆனால் உண்மையான குறுக்கீடு சாவு. இருவரையும் சேர்த்துவைத்ததும் அதே சாவு. காதலும் நகைச்சுவையும் சாவும் ஒரே கயிற்றில் முறுக்கப்பட்டிருப்பதால் எந்த இழையையும் தனியாகப் பிரித்து எடுக்க முடியாது. இந்த வகையில் பிறகு வந்த பல படங்களில் இருட்டை மேலே தூவியிருப்பார்கள், தட்டிவிட்டால் உதிர்ந்துவிடும். இதில் அப்படி உதிராது.

படத்தின் நடுவில் ஹரால்ட் ஒரு பழைய கதை சொல்கிறான். பள்ளி ஆய்வகத்தில் ஒரு வெடிவிபத்து நடந்தது. அவன் தப்பித்து வீட்டுக்கு வந்து மாடியில் இருந்தான். போலீஸ்காரர்கள் வந்து, உங்கள் மகன் இறந்துவிட்டான் என்று அம்மாவிடம் சொல்வதை மேலே நின்று பார்த்தான். அம்மா சரிந்து விழுந்தார். இறந்துபோயிருப்பது தனக்குப் பிடித்திருக்கிறது என்று அப்போது முடிவு செய்ததாகச் சொல்லி, அழுகிறான். அவ்வளவு நேரம் நாம் சிரித்த தூக்குக் கயிறும் குளியலறை ரத்தமும் நீச்சல் குளத்தில் மிதந்த உடலும் என்னவென்று இங்கேதான் புரிகிறது. அம்மா தனக்காக ஒரே ஒரு முறை அழுததை அந்தப் பிள்ளை பார்த்துவிட்டது. மறுபடி அழவைக்கப் பார்க்கிறது. இதைத் தெரிந்துகொண்டு முதல் காட்சிக்குத் திரும்பிப் போனால் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடுகிறது. கையில் இருக்கும் எண்ணைப் போலவே இதுவும் பின்னோக்கி வேலை செய்யும் காட்சி.

இப்படி ஒரு கட்டுமானம் எங்கிருந்து வந்தது? எழுத்தும் எடிட்டிங்கும் சேர்ந்து கொடுத்தது. கதையை எழுதிய காலின் ஹிக்கின்ஸ் அப்போது லாஸ் ஏஞ்சலீஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் திரைப்பட மாணவர். பட்டப்படிப்புக்காக எழுதியது இது. ஒரு தயாரிப்பாளரின் வீட்டில் நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டு அம்மாள் மில்ட்ரெட் லூயிஸ் இதைப் படித்துவிட்டுத் துணைக்கு நின்றார். தானே இயக்க வேண்டும் என்று ஹிக்கின்ஸ் ஆசைப்பட்டு ஒரு சோதனைக் காட்சி எடுத்துக் காட்டினார், ஸ்டுடியோவுக்குத் திருப்தியில்லை. ஆஷ்பியிடம் கொடுத்தார்கள். ஆஷ்பி ஹிக்கின்ஸை ஒதுக்கவில்லை, தயாரிப்பாளர்களில் ஒருவராகக் கூடவே வைத்துக்கொண்டார்.

ஆஷ்பி எடிட்டராக இருந்து இயக்குநரானவர். 'இன் தி ஹீட் ஆஃப் தி நைட்' படத்தின் எடிட்டிங்குக்கு ஆஸ்கர் வாங்கியவர். இந்தப் படத்தின் நகைச்சுவையைக் கவனித்துப் பாருங்கள். வசனத்தில் இருக்கும் சிரிப்பைவிட, எந்த நொடியில் வெட்டுவது என்பதில் இருக்கும் சிரிப்பு அதிகம். முதல் பெண் வீட்டுக்கு வருகிறாள். அம்மாவும் அவளும் பேசிக்கொண்டிருக்க, ஜன்னலுக்கு வெளியே ஹரால்ட் தனக்குத் தீ வைத்துக்கொள்கிறான். பெண் அலறிக்கொண்டு ஓடுகிறாள். ஹரால்ட் மெதுவாகத் திரும்பி நேரே கேமராவைப் பார்த்துச் சின்னதாகச் சிரிக்கிறான். நம்மைப் பார்த்துத்தான். அந்தப் பார்வை அரை நொடி நீண்டிருந்தால் கோமாளித்தனம் ஆகியிருக்கும், அரை நொடி குறைந்திருந்தால் நமக்குத் தட்டுப்பட்டிருக்காது. பச்சை குத்திய எண்ணும் இதே கணக்குத்தான். அதை மூன்று நொடி காட்டியிருந்தால் படம் நம்மிடம் இரக்கம் கேட்டிருக்கும். மோட் யாரிடமும் இரக்கம் கேட்கிறவர் இல்லை. அதனால் படமும் கேட்கவில்லை.

ரூத் கார்டன் மோடாக நடித்தபோது அவருக்கு 74 வயது. 'ரோஸ்மேரீஸ் பேபி' படத்துக்காகத் துணை நடிகைக்கான ஆஸ்கரைச் சில ஆண்டுகள் முன்புதான் வாங்கியிருந்தார். ஹரால்டாக வந்த பட் கோர்ட் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். படப்பிடிப்பு சான் பிரான்சிஸ்கோவிலும் சுற்றுவட்டாரத்திலும் நடந்தது. பட்ஜெட் சுமார் 12 லட்சம் டாலர், அந்தக் காலத்து ஸ்டுடியோ கணக்கில் சின்னப் படம்தான்.

கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு வெளியிட்டார்கள். குடும்பத்தோடு தியேட்டருக்குப் போகிற நேரத்தில், இருபது வயதுப் பையனும் எண்பது வயதுப் பெண்ணும் காதலிக்கிற, படம் முழுக்கச் சவப்பெட்டி வருகிற ஒரு கதை. 'வெரைட்டி' இதழின் விமர்சனம், தீப்பற்றி எரியும் அனாதை இல்லத்தில் எவ்வளவு கொண்டாட்டம் இருக்குமோ அவ்வளவு இந்தப் படத்தில் இருக்கிறது என்று எழுதியது. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்குக்கு ஒன்றரை நட்சத்திரம் கொடுத்தார். எனக்கு ஈபர்ட் மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு மறுநாள் எழுத வேண்டிய வேலையில் இந்தப் படம் யாரையும் ஏமாற்றிவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

படம் சீக்கிரமே பெரிய தியேட்டர்களிலிருந்து இறங்கியது. சாகவில்லை. கல்லூரி ஊர்களில், பழைய படங்களை மறுபடி ஓட்டும் சின்னத் தியேட்டர்களில் மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. மினசோட்டா மாநிலத்தில் ஈடைனா என்ற ஊரில் வெஸ்ட்கேட் தியேட்டர் இதை இரண்டு ஆண்டுக்கும் மேலாக விடாமல் ஓட்டியது. வேறு படம் போடுங்கள் என்று அக்கம்பக்கத்து மக்கள் அட்டை பிடித்துப் போராட்டம் நடத்தும் அளவுக்கு ஓடியது. அந்தச் சின்ன ஊரில் அத்தனை நாள் தியேட்டரை நிரப்ப வேண்டுமென்றால் ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப வந்திருக்கத்தான் வேண்டும். இரண்டாம் தடவைக்கான படம் என்று சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இப்படி ஊர்ந்து ஊர்ந்துதான் 1983இல் படம் ஒருவழியாக லாபக் கணக்குக்கு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் ஹிக்கின்ஸ் 'ஃபவுல் ப்ளே', 'நைன் டு ஃபைவ்' போன்ற பெரிய வெற்றிப் படங்களை எழுதி இயக்கியும் முடித்துவிட்டார்.

அந்த நேரத்தில் அமெரிக்க வீடுகளுக்குள் வீடியோ பிளேயர் நுழைந்துகொண்டிருந்தது. பீட்டாமேக்ஸ் என்ற கேசட் வகை 1975இல் வந்தது, அதன் போட்டியான வி.எச்.எஸ். 1977இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. வீட்டில் பதிவு செய்வது திருட்டா இல்லையா என்று ஸ்டுடியோக்கள் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1984 ஜனவரியில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வீட்டுப் பதிவுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. கேசட் வாடகைக்குக் கொடுப்பதற்கு வேறொரு பழைய விதி துணை நின்றது: ஒருமுறை விலைக்கு வாங்கிய பிரதியை, வாங்கியவர் பதிப்புரிமைக்காரரைக் கேட்காமலே மற்றவருக்கு வாடகைக்கு விடலாம். தெருவுக்குத் தெரு வாடகைக் கடைகள் முளைத்ததற்கு இந்த விதிதான் காரணம். ஈடைனாவில் நடந்தது இனி எந்த ஊரிலும், எந்த வீட்டுக் கூடத்திலும் நடக்கலாம் என்றாயிற்று.

கேசட் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொண்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். கொடுத்தது ரீவைண்ட். எண்ணைத் தவறவிட்டவர் பின்னால் போகலாம். பார்த்தேனா, பிரமையா என்று சந்தேகப்பட்டவர் நிறுத்தலாம். ஆனால் வி.எச்.எஸ்ஸில் நிறுத்தினால் படம் உறுதியாக நிற்காது. குறுக்கே கோடுகள் ஓடும், உருவம் நடுங்கும். கிடைமட்டத்தில் சுமார் 240 கோடுகள் அளவுக்குத்தான் நுணுக்கம். ஒரு முன்கையின் மேல் இருக்கும் சின்ன இலக்கங்கள் அதில் ஏதோ கறை போல ஆகிவிடும்.

இன்னொரு ஷாட்டில் இந்த இழப்பு இன்னும் பெரிது. படத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த ஷாட் அது. இருவரும் டெய்சிப் பூக்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் பூவாக மாற ஆசை, எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றனவே என்கிறான் ஹரால்ட். இல்லை, பார், ஒவ்வொன்றும் வேறு வேறு என்று காட்டுகிறார் மோட். தாங்களும் அப்படித்தான் என்று தெரிந்திருந்தும் மனிதர்கள் தங்களை ஒரே மாதிரி நடத்த விட்டுவிடுகிறார்கள், உலகத்தின் துயரத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது என்கிற பொருளில் ஏதோ சொல்கிறார். அடுத்த கணம் அவர்கள் ஒரு கல்லறை மைதானத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிடித்துவைத்த மாதிரி ஒரே அளவு, ஒரே வெள்ளை நிறக் கற்கள். கேமரா விலகிக்கொண்டே போகப் போக, கற்கள் வரிசை வரிசையாகப் பெருகிக்கொண்டே வருகின்றன. கடைசியில் அந்த இருவரும் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

சான் ப்ரூனோவில் உள்ள ராணுவ வீரர்களின் கல்லறை மைதானம் அது. படம் வந்தது வியட்நாம் போர்க் காலத்தில். ஹரால்டை ராணுவத்தில் சேர்க்கத் துடிக்கும் மாமாவும் கதையில் உண்டு. ஒருவர்கூட போர் என்ற சொல்லை அந்த இடத்தில் எடுக்கவில்லை. கற்களை எண்ண முடியாமல் நம் கண் தோற்கும்போது விஷயம் வந்து சேர்கிறது. அப்படியானால், ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிந்தால்தானே கண் தோற்க முடியும்? வி.எச்.எஸ்ஸில் தொலைவில் உள்ள கற்கள் வெள்ளைப் பூச்சாகக் கலங்கிப்போகும். அகன்ற பிரேமைப் பழைய சதுரத் தொலைக்காட்சிக்குப் பொருத்தும்போது பக்கவாட்டில் வெட்டுவதும், மேலும் கீழும் தேவையில்லாத இடத்தைத் திறந்துவிடுவதும் அன்றைய வழக்கம். எப்படிச் செய்தாலும் ஒளிப்பதிவாளர் ஜான் அலோன்சோ அளந்து வைத்த அளவு அது இல்லை.

பாட்டு விஷயத்தில் வேறொரு கதை. படம் முழுக்கப் பாடகர் கேட் ஸ்டீவன்ஸின் பாடல்கள். பெரும்பாலானவை 1970இல் வந்த அவருடைய இரண்டு ஆல்பங்களிலிருந்து எடுத்தவை. இரண்டு பாடல்கள் மட்டும் இந்தப் படத்துக்கென்றே எழுதப்பட்டவை: முதல் காட்சியில் வருவது ஒன்று, மோட் பியானோவில் வாசித்துப் பாடிக்காட்டி, பிறகு படத்தை முடித்துவைப்பது இன்னொன்று. இந்த இரண்டும் 1984 வரை எந்த ஆல்பத்திலும் வரவில்லை. இடையில் ஸ்டீவன்ஸ் இஸ்லாத்தைத் தழுவி யூசுஃப் இஸ்லாம் என்று பெயர் மாற்றிக்கொண்டு இசை உலகத்தை விட்டே விலகிவிட்டார். ஆகவே பதின்மூன்று ஆண்டுகள், அந்தப் பாடல்களைக் கேட்க வேண்டுமென்றால் படத்தைத்தான் பார்க்க வேண்டும். பாட்டுக்காகவே டிக்கெட் வாங்கியவர்கள் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. முழுமையான ஒலித்தட்டு 2007இல்தான் வந்தது, அதுவும் 2,500 பிரதிகள் மட்டுமே.

பாரமவுண்ட் 2000இல் டிவிடி வெளியிட்டது. படம் சரியான அகலத்தில் வந்தது, நிறுத்தினால் பிரேம் அசையாமல் நின்றது. அதுவே பெரிய மாற்றம். கூடவே ட்ரெய்லர்கள் இருந்தன, சொல்லும்படி வேறொன்றும் இல்லை.

படத்துக்கு உரிய மரியாதை 2012 ஜூனில் க்ரைட்டீரியன் நிறுவனத்தின் ப்ளூ-ரேயில் கிடைத்தது. 1984இல் லேசர் டிஸ்க்குகளோடு தொடங்கிய நிறுவனம் அது. ஒரு படத்தைப் புத்தகம் போலப் பதிப்பிக்கலாம் என்பதை, படம் ஓடும்போதே அதைப் பற்றி ஒருவர் பேசும் கமென்டரி என்ற யோசனையை, வீட்டுத் திரைக்குப் பழக்கப்படுத்தியவர்கள். ப்ளூ-ரேயின் 1080 கோடுகளில் கல்லறைக் கற்கள் கற்களாகத் திரும்பி வருகின்றன. ஹரால்டின் வீட்டுக்குள் இருக்கும் கரும்பழுப்பு மரச்சுவர்களும், மோடின் ரயில் பெட்டிக்குள் குவிந்திருக்கும் பொருள்களும் ஒன்றுக்கொன்று எதிர்நிறமாகத் தெரிகின்றன. இவன் வீட்டில் எல்லாம் விலையுயர்ந்தவை, எதையும் தொட முடியாது. அவர் வீட்டில் எல்லாம் தொடுவதற்கும் முகர்வதற்கும் வாசிப்பதற்கும் இருப்பவை. கலங்கிய பிரதியில் இரண்டு வீடுகளும் ஒரே இருட்டாகத் தெரியும்.

ஒலியை எடுத்துக்கொண்டால், அசல் மோனோ ஒலித்தடத்தைச் சுருக்காமல் அப்படியே கொடுத்திருக்கிறார்கள். புதிதாகச் சரிசெய்த ஸ்டீரியோ தடமும் உண்டு, வேண்டுபவர் மாற்றிக்கொள்ளலாம். நான் மோனோவைத்தான் பரிந்துரைப்பேன். கிதாரும் குரலும் பேச்சும் ஒரே இடத்திலிருந்து வரும்போது, பாட்டு படத்துக்கு மேலே ஒட்டியதாக இல்லாமல் அந்த அறைக்குள்ளேயே யாரோ பாடுவது போல இருக்கிறது.

கூடுதல் பகுதிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது குரல்கள். ஆஷ்பியும் ஹிக்கின்ஸும் ஒரே ஆண்டில், 1988இல், இறந்துவிட்டார்கள். ஆஷ்பிக்கு 59 வயது, ஹிக்கின்ஸுக்கு 47. அவர்களை இனிப் பேட்டி எடுக்க முடியாது. அதனால் அவர்கள் இருவரும் எப்போதோ மாணவர்கள் முன்னால் பேசிய கருத்தரங்குப் பதிவுகளைத் தேடி எடுத்து வட்டில் சேர்த்திருக்கிறார்கள். ஆஷ்பியின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய நிக் டாசனும், படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரான சார்லஸ் மல்வேஹிலும் சேர்ந்து கமென்டரி பேசுகிறார்கள். ஒருவர் ஆவணங்களைப் படித்தவர், மற்றவர் அந்த இடத்தில் நின்றவர், நல்ல சேர்க்கை. யூசுஃபின் பேட்டியும் உண்டு. அப்புறம் 2021 டிசம்பரில், படத்தின் ஐம்பதாம் ஆண்டையொட்டி, பாரமவுண்ட் தானே ஒரு ப்ளூ-ரேயைக் கொண்டுவந்தது. ஒரு பதிப்புதான் வாங்க முடியும் என்றால் அந்தக் கருத்தரங்குக் குரல்களுக்காக நான் க்ரைட்டீரியனையே எடுப்பேன்.

இப்படிப் பத்திரப்படுத்துவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் படத்தில் வரும் ஒரு காட்சி நினைவுக்கு வருகிறது. கேளிக்கைத் திடலுக்குப் போன இரவில் ஹரால்ட் மோடுக்கு ஒரு சின்ன வில்லையைப் பரிசாகக் கொடுக்கிறான். அவரை நேசிப்பதாக அதில் பொறித்திருக்கிறான். அவர் நெகிழ்ந்துபோய், பல ஆண்டுகளில் இதைவிட நல்ல பரிசு கிடைத்ததில்லை என்று சொல்லி, அடுத்த நொடி அதைத் தண்ணீருக்குள் வீசி எறிகிறார். ஹரால்ட் திகைக்கிறான். இனி அது எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்போதும் தெரியும் என்கிறார் மோட். எல்லாவற்றையும் ஒருமுறை இழந்தவரின் பேச்சு அது. கையில் உள்ள எண்ணைப் பார்த்தவர்களுக்கு அதன் அர்த்தம் முழுசாகக் கேட்கும்.

முடிவு அவருடைய எண்பதாவது பிறந்தநாளில். ஹரால்ட் ரயில் பெட்டி முழுக்கச் சூரியகாந்திப் பூக்களால் அலங்கரித்திருக்கிறான். கல்யாணம் பற்றிப் பேசப்போகிறான். மாத்திரைகளை ஏற்கெனவே விழுங்கிவிட்டதாக மோட் சாதாரணமாகச் சொல்கிறார். படம் முழுக்கப் பொய்ச் சாவுகளை அரங்கேற்றியவனுக்கு முன்னால் உண்மைச் சாவு வந்து நிற்கிறது, அவன் அலறுகிறான். அவ்வளவு பொய்ச் சாவுகளிலும் பதறாத படம் இங்கே பதறுகிறது. ஆம்புலன்ஸ், மருத்துவமனை நடைபாதை, மழையில் பறக்கும் கார், எல்லாம் முன்னும் பின்னுமாக வெட்டிச் சேர்க்கப்பட்டு, மேலே ஒரு பாட்டு. சவ ஊர்தி போல அவன் உருமாற்றிய ஜாகுவார் கார் குன்றின் விளிம்பிலிருந்து விழுகிறது. ஹரால்ட் மேலே நிற்கிறான், மோட் கொடுத்த பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தோடு.

மோடின் முடிவு எனக்கு இன்றுவரை நெருடுகிறது. வதை முகாமிலிருந்து உயிரோடு வந்தவர், ஒரு பையனுக்கு வாழக் கற்றுக்கொடுத்தவர், தானே தேதி குறித்துக்கொண்டு போவது சரியா? தன் சாவை இனி வேறு யாரும் தீர்மானிக்கக்கூடாது என்று அவர் நினைத்திருக்கலாம். அந்த எண்ணைக் கையில் சுமந்த ஒருவருக்கு அந்த நியாயம் புரிகிறது. ஹரால்டின் அலறலைக் கேட்கும்போது அந்த நியாயம் எனக்குப் போதவில்லை. படம் இரண்டையும் வைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. மோட் பக்கம் நின்று நம்மை வற்புறுத்தாமல், பையனின் வலியை முழு அளவில் காட்டுவதால்தான் இந்தப் படத்தை நான் நம்புகிறேன்.

முடிவு திடீரென்று வந்ததாக முதல் முறை பார்க்கும் பலரும் நினைப்பார்கள். வட்டு கையில் இருந்தால் அப்படியே பின்னால் போங்கள். தேவாலயத்தில் யாரோ ஒருவரின் சாவுச் சடங்கு. பின்வரிசையில் இருக்கும் ஹரால்டை மோட் முதன்முதலாகக் கிசுகிசுத்துக் கூப்பிட்டு ஒரு மிட்டாயை நீட்டுகிறார். அடுத்த வாரம் எனக்கு எண்பது ஆகிறது என்கிறார். எழுபத்தைந்து ரொம்பச் சீக்கிரம், எண்பத்தைந்து என்றால் சும்மா நாளை ஓட்டுவதுதான், எண்பதுதான் புறப்படச் சரியான வயது, இல்லையா என்று கேட்கிறார். பக்கத்தில் இருக்கும் பையன் அந்த மிட்டாயையும் அவரையும் எப்படிப் பார்ப்பதென்று தெரியாமல் விழிக்கிறான்.